சுரண்டாத பேர்

முதலில் விலையைக் கேட்க வேண்டும். இல்லை, விலை கேட்டால் வாங்க வந்தவளாகிவிடுவோம், எங்கே கிடைத்தது என்றுதான் முதலில் கேட்க வேண்டும், அதுவும் சரியில்லை, அப்படிக் கேட்டால் போலீஸ்காரி மாதிரி இருக்கும், அவன் கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவான், ஆகவே முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும், தண்ணீர் கொடுத்த கையால் ஒருவன் உடனே கேட்டைச் சாத்த மாட்டான், கொஞ்சமாவது கூச்சப்படுவான் என்று குழல்வாய்மொழி ஒரு முடிவுக்கு வந்தபோது பிக்கப் வண்டி பாவூர்சத்திரம் மார்க்கெட்டை விட்டுத் தென்காசி ரோட்டில் ஏறியிருந்தது, மேற்கே மலை தெரிய ஆரம்பித்திருந்தது. மலை என்றால் மலை இல்லை, மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை, அதன் அடியில் கொஞ்சம் நீலம். சாரல் தொடங்கிவிட்டது. கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்திருந்தாள், தண்ணீர் என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று, காற்றை இடித்துச் சலித்த ஈரப்பொடி, கன்னத்தில் வந்து உட்கார்வதும் போவதுமாக இருந்தது. இப்படி ஒரு காற்றில் ஒரு திருடனைப் பிடிக்கப் போவது எவ்வளவு சந்தோஷமான காரியம், இதை ஏன் யாரும் சொல்லுவதில்லை, திருட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் பறிகொடுத்த முகத்தோடுதானே பேசுகிறார்கள், கண்டுபிடிக்கப் போகிற வழியில் வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டுகிற மாதிரி இருப்பதை ஏன் மறைக்கிறார்கள். பக்கத்தில் அம்மா சுடலைவடிவு, சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டு, அதன் கையை மடித்துவிட்டு, லோடு இறக்கிய வண்டியை ஒரு சுமையும் இல்லாதவள் மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தாள். அப்பா மஸ்கட்டில் யாருடைய லாரியையோ ஓட்டுகிறார், அம்மா இங்கே தன்னுடைய வண்டியை ஓட்டுகிறாள், இதில் யார் முன்னேறியவர் என்று குழல்வாய்மொழி ஒரு தடவை போனில் கேட்டதற்கு அப்பா லைனைத் துண்டித்துவிட்டார். பின்னால், கயிற்றில் கட்டிய பலகை ஒவ்வொரு பள்ளத்துக்கும் டமார் டமார் என்று அடித்தது. கதவு இருந்த இடம் அது.

“என்னட்டி, தானா சிரிக்க?” என்றாள் அம்மா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். ஒன்றுமில்லை என்று இவள் சொன்னாள். சிரித்தாலும் பயமாக இருக்கிறது, முறைத்தாலும் பயமாக இருக்கிறது, உன்னைப் பெற்றதற்கு ஒரு ஊமையைப் பெற்றிருக்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டு முன்னால் போன பால் வண்டியை ஒதுக்கிப் போனாள்.

பிக்கப்பின் பின்கதவைக் கழற்றப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டியதில்லை. பக்கத்துக்கு ஒரு கொண்டி, கீழே கீல், கீலில் ஆணி. கொண்டியைத் தட்டி ஆணியை உருவி ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கினால் தூங்குகிற பிள்ளை மாதிரி கையோடு வந்துவிடும். அப்படித்தான் போயிற்று. வீட்டு வாசலில் நிறுத்திய வண்டி விடிந்து பார்த்தால் பொக்கை வாயோடு நின்றது. ஸ்டேஷனுக்குப் போனார்கள். கதவுக்கெல்லாமா கேஸ் எழுதுவார்கள் என்று அங்கே ஒருவர் கேட்டார், எழுத மாட்டோம் என்பதையாவது எழுதிக் கொடுங்கள் என்று குழல்வாய்மொழி கேட்டாள், அவர் இவளை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்து, பிள்ளை என்ன படிக்கிறது என்றார், அந்தக் கேள்வியில் இருந்த இரக்கத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. சமூகவியல் படிக்கிறது, முனைவர் பட்டம் படிக்கிறது, உங்கள் ஸ்டேஷனைப் பற்றியே ஒரு அதிகாரம் எழுதும் என்று சொல்லியிருக்க வேண்டும், வீட்டுக்கு வந்து சோறு பிசைகிறபோதுதான் அது தோன்றிற்று, நல்ல பதில்கள் எல்லாம் ஏன் சோற்றுக்குள்ளிருந்தே வருகின்றன. அப்புறம் பலகை. பலகையும் கயிறும் வைத்துச் சமாளித்துவிடலாம் என்றாள் அம்மா. சின்ன வெங்காய மூட்டை ஒன்று பலகையைத் தள்ளிக்கொண்டு பாலத்துப் பக்கம் ரோட்டில் விழுந்தது, பின்னால் வந்த பஸ் அதன்மேல் ஏறிற்று, பஸ்ஸில் இருந்தவர்களும் பாலத்தில் நின்றவர்களும் சாதி மதம் பார்க்காமல் கண்ணைக் கசக்கினார்கள். கமிஷன் கடைக்காரர் மட்டும் கண்ணைக் கசக்கவில்லை. இந்த வாரத்தோடு சரி, கதவு மாட்டாத வண்டி அடுத்த வாரம் என் கடை வாசலுக்கு வரக் கூடாது, லோடு வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அம்மா அதற்கு வருத்தப்பட்டாளா என்பது தெரியவில்லை, அவள் வருத்தப்படுகிறபோது வண்டியைக் கழுவுவாள், அன்றைக்கு டயரின் பள்ளத்துக்குள் இருந்த மண்ணைக்கூடக் குச்சியை விட்டு எடுத்தாள். கடையில் புதுக்கதவு கேட்டால் ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்கிறான். கதவு இல்லை என்றால் லோடு இல்லை, லோடு இல்லை என்றால் வண்டி வாசலில் நிற்கும், அம்மா அடுத்த வீட்டுக்காரியோடு பீடி சுற்ற உட்கார வேண்டியதுதான். அம்மா உட்காரக் கூடாது. அதுதான் விஷயம். மற்றதெல்லாம் வாதம், அது ஒன்றுதான் விஷயம்.

பழைய சாமான் வாங்க விற்க என்று ஒரு ஆப் இருக்கிறதே, அதில்தான் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து, புத்தகத்தை விரித்து வைத்த பாவனையில், தினமும் தேடினாள். எவ்வளவு பின்கதவுகள். தமிழ்நாட்டில் வண்டிகளைவிடக் கதவுகள் அதிகம் போலிருக்கிறதே என்று நினைத்த ஒரு மத்தியானம் அது வந்து நின்றது. வேப்பமரத்தில் சாய்த்து வைத்து எடுத்த போட்டோ. ‘ஒரிஜினல் பின்கதவு, சிங்கிள் ஓனர், நல்ல கண்டிஷன், நேரில் வருபவருக்கு விலை குறைக்கப்படும்.’ சிங்கிள் ஓனராம். அந்த சிங்கிள் ஓனர் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு வெங்காயம் சிந்துகிறாள், நீ கண்டிஷன் பேசுகிறாயா. வண்டி நம்பரைச் சுரண்டியிருந்தான், அம்மாவின் போன் நம்பரைச் சுரண்டியிருந்தான், அவற்றுக்குக் கீழே, கதவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்த ‘குழல்வாய்மொழி, எம்.ஏ., பி.எச்டி’ என்பதை அடியோடு சுரண்டியிருந்தான். அந்த பி.எச்டி இன்னும் வாங்கவில்லை. மூன்றாவது அதிகாரத்தைத் தாண்டாதவளுக்கு இப்படி எழுதுவது மோசடி என்று இவள் அன்றைக்கே சண்டை போட்டாள், முடிக்கத்தானே போகிறாய், அதற்கென்று தனியாக இன்னொரு தடவை பெயிண்டரைக் கூப்பிட முடியுமா என்று அம்மா கேட்டுவிட்டாள். போகட்டும், அது மோசடி என்றே வைத்துக்கொள்வோம், அதைச் சுரண்டுகிற உரிமை எனக்கா அவனுக்கா. ஆனால் மேலே ஒரு வரி இருந்தது. அதை அவன் தொடவில்லை. ‘வண்டிமறிச்சி அம்மன் துணை.’ பெயிண்டர் எழுத்தைப் பெரிதாக ஆரம்பித்துவிட்டு இடம் போதாமல், துணையை மட்டும் சின்னதாக்கி ஓரத்தில் மாடிப்படி ஏறுகிற மாதிரி மேலே தூக்கி எழுதியிருந்தார், அதே மாடிப்படி. தொடவில்லை என்பதோடு நிற்கவில்லை, அந்த எழுத்துக்கு மேலே புதிதாகச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தான். தான் திருடிக்கொண்டு போன அம்மனுக்கே பொட்டு வைத்து, அதைப் போட்டோவும் எடுத்து, உலகத்துக்குக் காட்டியிருக்கிறான். குழல்வாய்மொழி நூலகத்தில் சத்தமாகச் சிரித்தாள். அடுத்த நொடி கோபம் வந்தது, என்ன கோபம் என்று பார்த்தால், திருட்டுக்கான கோபம் இல்லை, என் பேரைச் சுரண்டுகிறபோது உனக்குக் கை நடுங்கவில்லையா, அவள் பேர் என்றால் மட்டும் நடுங்குமா என்கிற கோபம். ஒரு தெய்வத்தின்மேல் பொறாமைப்படுகிற நாத்திகவாதி. இதை ஹாஸ்டலில் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவிடமும் சொல்லவில்லை. அதுதான் இப்போது முள் மாதிரி உறுத்துகிறது. பழைய கதவு ஒன்று விலைக்கு வருகிறது, போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வண்டியில் ஏற்றிக்கொண்டு, இல்லை, அம்மாதான் இவளை ஏற்றிக்கொண்டு, போகிறார்கள். “பழசுன்னா கீலு தேஞ்சிருக்குமேட்டி. மாட்டுனா ஆடாம நிக்குமா?” என்று அம்மா கேட்டாள், நம்ம வண்டிக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும்மா என்று இவள் சொன்னாள், பொய் ஒன்றும் இல்லையே. உண்மையைச் சொன்னால் முதலில் மாமாவுக்குப் போன் போகும், மாமா வந்தால் தனியாக வரமாட்டார், ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு வருவார், அது கதவு மீட்பதாக இருக்காது, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போவது மாதிரி இருக்கும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதைவிடப் பெரிய காரணம், கேட்ட நிமிஷத்தில் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, ஆத்தா காட்டிக்கொடுத்துவிட்டாள் என்பாள். கஷ்டப்பட்டுத் தேடினது நான், பார்த்தது நான், வாங்குகிற ஆள் மாதிரி மெஸேஜ் அனுப்பி முகவரி வாங்கினது நான், பேர் மட்டும் அவளுக்கா. எப்போதும் அப்படித்தானே. நான் முதல் மதிப்பெண் எடுத்தால் அவளுக்குப் பொங்கல். நான் காய்ச்சலிலிருந்து எழுந்தால் அவளுக்குச் சேலை. அதுவும் எப்பேர்ப்பட்ட அம்மன், வழியில் போகிற வண்டிகளைக் குறுக்கே படுத்து மறித்தவள் என்று கதை, வண்டியை மறிக்கிறவள் பேரை வண்டியிலேயே எழுதி வைக்கிற குடும்பம் உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா என்று இவள் ஒரு தடவை கேட்டாள். மற்றவன் வண்டியைத்தான் மறிப்பாள், நம் வண்டி வருகிறது என்றால் ஒதுங்கிப் படுத்துக்கொள்வாள் என்று அம்மா பதில் சொன்னாள், அந்தப் பதிலை எங்கே பிடித்து உடைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை. சரி, இதை உடைப்போம். அவன் அந்தப் பேரைச் சுரண்டாததற்குக் காரணம் அம்மன் இல்லை, அம்மன்மேல் இருந்த பயம். பயம் அவனுடையது, கண் என்னுடையது, ஆப் எவனோ ஒருவனுடையது, இதில் அவளுக்கு என்ன பங்கு. இப்படிச் சொன்னால் அம்மா என்ன சொல்லுவாள். அந்தப் பயத்தைக் கொடுத்தது யாரு என்பாள். யாரும் கொடுக்கவில்லை, சமூகம் கொடுத்தது. சமூகத்துக்கு யாரு கொடுத்தா என்பாள். அம்மா இங்கே பக்கத்தில் கியர் மாற்றிக்கொண்டு வாயே திறக்காமல் இருக்கிறாள், தலைக்குள் இருக்கிற அம்மா இந்த வாதத்தில் ஜெயித்துக்கொண்டே போகிறாள், இது என்ன நியாயம், என் தலைக்குள்ளேயே எனக்குத் தோல்வியா.

தென்காசி தாண்டிக் கடையநல்லூர் ரோடு. சாரல் கொஞ்சம் தடித்தது, அம்மா வைப்பரைப் போட்டாள், அது ஒரு தடவை துடைத்துவிட்டு இளைப்பாறிற்று. வலது பக்கம் காற்றாலைகள் பெரிய மனுஷர்கள் மாதிரி நிதானமாகக் கையை வீசின. திடீரென்று பயம் வந்தது. ஒருவேளை அது நம் கதவாக இல்லாவிட்டால். அதே பெயிண்டர் அதே அம்மனை வேறு ஒரு வண்டியிலும் எழுதி அங்கேயும் இடம் போதாமல் போயிருந்தால். எல்லா வண்டியிலும் அந்த ஆளுக்கு இடம் போதாமலே போயிருந்தால். அப்புறம் இன்னொரு பயம், அவன் ஒற்றை ஆளாக இல்லாவிட்டால். கதவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்றால் இன்னொருத்தன் இருக்கத்தானே வேண்டும், வீட்டுக்குள்ளிருந்து நாலு பேர் அரிவாளோடு வந்தால், நான் என்ன, சட்டப் பிரிவு எண்ணைச் சொல்லித் தடுப்பேனா.   ஆப்பில் அவனுடைய பக்கத்தில் வேறு என்னவெல்லாம் விற்பனைக்கு இருந்தது என்பது நினைவுக்கு வந்தது: ஸ்டெப்னி டயர்கள், பேட்டரிகள், பின்விளக்குகள், ஜாக்கி, ஒரு தார்ப்பாய், எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு, கடையில் சரஸ்வதி பூஜைக்கு அடுக்கி வைத்த மாதிரி. கீழே வாங்கினவர்கள் பாராட்டியிருந்தார்கள். ஐந்து நட்சத்திரம். ‘நேர்மையான மனிதர், நம்பி வாங்கலாம்.’ ஒரு திருடனுக்கு நட்சத்திரம் போட ஆள் இருக்கிறது, இவளுடைய நெறியாளர் இவளுடைய இரண்டாவது அதிகாரத்துக்கு ஒரு ‘சரி’கூடப் போடவில்லை, வாதம் குறைத்து எழுதவும் என்று மட்டும் ஓரத்தில் கிறுக்கியிருந்தார். நம்பி வாங்கினவர்களை என்ன செய்வது, அவர்களும் குற்றவாளிகளா. மலிவாகக் கிடைத்தால் யார் வாங்க மாட்டார்கள். இதோ இடது பக்கம் என் மூஞ்சியைக் காட்டுகிற கண்ணாடி, பழசு உடைந்தபோது அம்மா மாமாவின் போனில் பார்த்து வாங்கினாளே, இது யாருடைய கண்ணாடி. எந்த ஊர் ரோட்டோரத்தில் எவன் காலையில் எழுந்து தன் வண்டிக்குக் காது இல்லாமல் நின்றானோ. அம்மாவைக் கூண்டில் ஏற்று. சுடலைவடிவு அவர்களே, இந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களா. கேக்கல. ஏன் கேக்கல. கண்ணாடி வேணும்னுதான் தோணிச்சு, அதான் கேக்கல. நீதிபதி சிரித்துவிட்டார், வழக்கு தள்ளுபடி. கண்ணாடியில் பின்னால் ஓடுகிற ரோடு, ஈரத்தில் கறுப்பாக, புளிய மரங்கள் பின்பக்கமாக நடந்து போயின.

“ஏட்டி, இந்தத் தோப்பா, அடுத்த தோப்பா?” என்று அம்மா கேட்டபோது மனசு ஒரு படி தவறினது மாதிரி இறங்கிற்று. தென்னந்தோப்பு, அதை ஒட்டி ஒரு வீடு, பக்கத்தில் தகரக் கொட்டகை, முன்னால் ஒரு வேப்பமரம். போட்டோவில் பார்த்த அதே வேப்பமரம்.

வந்தவன் ஒற்றை ஆள்தான். முப்பது வயதிருக்கும், மாசானமுத்து என்று பேர் சொன்னான், நெற்றி நிறையத் திருநீறு, அம்மாவை அக்கா என்றான், இவளைத் தாயி என்றான், இவள் கேட்பதற்கு முன்னாலேயே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து இவளுடைய திட்டத்தின் முதல் வரியைத் தட்டிப் பறித்துவிட்டான். கொட்டகைக்குள் சாம்பிராணி வாசம். கதவைச் சுவரோரமாக நிறுத்தியிருந்தான். நம் கதவுதான். எழுத்துக்கூடப் பார்க்க வேண்டாம், வெல்லப்பானை உருண்டு விழுந்த இடத்தில் ஒரு குழி உண்டு, அது தெரிந்தது. இவள் அம்மாவைப் பார்த்தாள். இப்போது கத்தப் போகிறாள், இல்லை, இப்போது கும்பிடப் போகிறாள். அம்மா இரண்டும் செய்யவில்லை. கதவைப் பார்த்தாள், அப்புறம் மகளைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், வண்டியில் இவள் தானாகச் சிரித்த சிரிப்பு ஒவ்வொன்றுக்கும் இப்போதுதான் அர்த்தம் விளங்குகிற மாதிரி பார்த்தாள். பிறகு கொட்டகையின் வாசல்காலில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். நீயே பேசு என்பதைப் போல இருந்தது அந்த நிலை. இருபத்துநாலு வருஷமாகப் பேசாதே பேசாதே என்று சொன்னவள்.

எங்கே கிடைத்தது என்று இவள் கேட்டாள். கேரளா வண்டி ஒன்று, உடைத்து விற்றார்கள் என்றான். இங்கே ஏன் சுரண்டியிருக்கிறது என்றாள். பழைய ஓனர் பேரு தாயி, வாங்குகிறவர்களுக்கு அது எதற்கு என்றான். கேரளாக்காரர் தமிழிலா எழுதியிருந்தார் என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கினாள், சின்ன மீனைப் பிடிக்க வரவில்லை. இந்தப் பேரை மட்டும் விட்டிருக்கிறீர்களே என்றாள். அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். சாமி பேருல்லா என்றான். அப்போதுதான் அது தோன்றிற்று, வழியெல்லாம் யோசித்த எதுவும் இல்லை, தண்ணீரும் இல்லை விலையும் இல்லை பிரிவு எண்ணும் இல்லை, சோற்றுக்குள்ளிருந்து வராமல் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான நேரத்தில் வந்த ஒரு வாக்கியம்.

“எங்களுக்கு அந்தப் பேர் வேண்டாம். அதையும் சுரண்டிக் குடுத்திருங்க, இப்பவே எடுத்துக்கிடுதோம்.”

அவன் சிரித்தான். வீட்டில் கொண்டுபோய் நீங்களே சுரண்டிக்கொள்ளுங்கள் என்றான். சுத்தமாக இருந்தால்தான் எடுப்போம் என்றாள். விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றான். விலை குறைய வேண்டாம், பேர்தான் குறைய வேண்டும் என்றாள். ஜன்னல் திண்டில் பட்டி பார்க்கிற தகடு ஒன்று கிடந்தது, அதன் விளிம்பில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது, என் பேரின் தூள், எந்த எழுத்தோ, வாயாக இருக்கும். அதை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். கதவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தகடு மேலே போயிற்று, சந்தனத்தை நெருங்கிற்று. சுரண்டிவிட்டால். ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் எல்லாம் போயிற்று, இது எங்கள் கதவு என்று காட்ட ஒரு எழுத்து மிஞ்சாது, லோடு போயிற்று, அம்மா வாசலில் உட்காருவாள், அதுவும் நானே தகடு எடுத்துக் கொடுத்து நானே அழித்ததாக ஆகும். சுரண்டாதே என்று மனசு சொல்லிற்று. சுரண்டிராத, சுரண்டிராத, சுரண்டிராத. யாரிடம் சொல்லுகிறாய். இவனிடம்தான். இவனிடம் என்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதானே, கண்ணை ஏன் மூடியிருக்கிறாய். மூடவில்லை, சாரல் பட்டது. கொட்டகைக்குள் ஏது சாரல். ஒரு மனிதனிடம் மனசுக்குள் கேட்டுக்கொள்வது வேண்டுதல் ஆகாது, விண்ணப்பம் என்று வேண்டுமானால் சொல்லலாம், விண்ணப்பத்துக்கும் வேண்டுதலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம், இப்போது கண்ணைத் திற. திறந்தாள். தகடு அங்கேயே நின்றது. எழுத்துக்கு ஒரு விரற்கடை முன்னால், காற்றில். அவனுடைய மணிக்கட்டு ஆடிற்று.  ஈ ஒன்று சந்தனத்தில் உட்கார்ந்து எழுந்து போயிற்று.

“முடியாது தாயி,” என்றான். “வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க.”

“அப்ப எம்பேர மட்டும் எப்படிச் சுரண்டுனீங்க?”

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சுரண்டிய இடத்தைப் பார்த்தான், அந்த நீளத்தை, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. குழல்வாய்மொழி என்றாள் இவள், அவனுக்கு உதவி செய்கிற மாதிரி, மெதுவாக, எம்.ஏ. என்றாள், பி.எச்டி மட்டும் இன்னும் வாங்கவில்லை என்று நேர்மையாகச் சேர்த்துக்கொண்டாள். பிறகுதான் அவன் தலையைத் திருப்பி, கொட்டகை வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் பின்பக்கம் காட்டி நின்ற வண்டியை, கயிற்றை, பலகையை, கதவு இல்லாமல் இரண்டு பக்கமும் தொங்கிய சங்கிலியைப் பார்த்தான். தகடு கீழே விழுந்தது. கேட்டைச் சாத்த ஓடுவான் என்று நினைத்தாள், உள்ளேயிருந்து யாரையாவது கூப்பிடுவான் என்று நினைத்தாள், அவன் எழுந்து சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த துணிப்பையை எடுத்தான், அதற்குள் கையை விட்டுத் துழாவி இரண்டு கீல் ஆணிகளை எடுத்து அம்மாவின் கையில் வைத்தான். கதவோடு வந்த அதே ஆணிகள். அவற்றைக்கூட எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தான், என்ன மனுஷன் இவன். ஒரு முனையை அவன் தூக்கினான், மறுமுனையை அம்மா தூக்கினாள், குழல்வாய்மொழி கயிற்றை அவிழ்த்துப் பலகையைக் கீழே இறக்கினாள், விரல் நகம் ஒன்று போயிற்று, போகட்டும். கதவு கீலில் உட்கார்ந்தது. அம்மா ஆணியை இறக்கிக் கொண்டியைப் போட்டு உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். ஆடவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இவளுக்கு உடம்பு முழுக்க ஏதோ வெதுவெதுவென்று ஏறிற்று, ஓடிப்போய் அந்தக் காற்றாலையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றலாம் போல இருந்தது.

அம்மா சீட்டில் ஏறி வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டாள். மாசானமுத்து அவள் பக்கத்து ஜன்னலுக்கு வந்து நின்றான், துண்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். தப்பு நடந்துவிட்டது என்றான், பிள்ளைகுட்டிக்காரன் என்றான், ஆத்தாகிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் அக்கா, உங்கள் வீட்டுச் சாமி, நீங்கள் சொன்னால் கேட்பாள் என்றான். இதோ வந்துவிட்டது, குழல்வாய்மொழி நினைத்தாள், இப்போது அம்மா சொல்லப் போகிறாள், அவ எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கா என்று, வழியெல்லாம் நான் தோற்ற வாதத்தை இந்த ஆளுக்கு முன்னாலும் தோற்கப் போகிறேன்.

“அவ ஒண்ணும் கேக்கலியேப்பா,” என்றாள் அம்மா. “கேட்டது எம்மவ. அவகிட்டப் பேசு.”

அவன் வண்டியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான். குழல்வாய்மொழி இன்னும் ஏறவில்லை, ஏறுகிற படியில் ஒரு கால் வைத்திருந்தாள், முகத்தில் சாரல் அடித்தது, இந்தத் தடவை நிஜமான சாரல். அம்மா சொன்ன மூன்று வாக்கியத்தையும் உள்ளே எங்கேயோ ஒரு நல்ல இடம் பார்த்து வைத்துக்கொண்டாள், சாவகாசமாக எடுத்துப் பார்க்க வேண்டும். தாயி என்று அவன் ஆரம்பித்தான். இவள் அவனைப் பார்க்கவில்லை, அவன் தோளுக்கு மேலாகக் கொட்டகைக்குள் பார்த்தாள். சந்தனப் பொட்டு வைத்த பேட்டரிகள், பொட்டு வைத்த டயர்கள், பொட்டு வைத்த விளக்குகள், வரிசையாக, எங்கெங்கோ விடிந்து எழுந்தவர்கள் தேடுகிற சாமான்கள். படியிலிருந்து காலை எடுத்தாள். நடந்துபோய் ஒரு ஸ்டெப்னியின் மேல் வசதியாக உட்கார்ந்து துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“சரி. மொதல்ல இந்த பேட்டரி,” என்றாள். “இது யாரோடது?”

சுடலைவடிவு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு தடவை பார்த்தாள். பிறகு சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள்.